கர்ப்ப காலத்தில் ஊர் மாற்றமும் மருத்துவக் கவனிப்பின் தொடர்ச்சியும்

தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது இந்நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். தமிழ்நாட்டில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடந்ததும் பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துச் செல்வர். வட மாநிலங்களிலும் இதனையொத்த சடங்குகள் உண்டு. பயணத்துக்கு வேண்டிய பலகாரங்களும் துணிமணிகளும் மறவாமல் கட்டப்படுகின்றன. ஆறு மாத காலமாக ஒரு செவிலியர் எழுதிவந்த அட்டை மட்டும் புக்ககத்து அலமாரியிலேயே தங்கிவிடுவதுண்டு.

வழக்கத்தின் பொருட்டு இடம் மாறுவோரைவிடப் பிழைப்பின் பொருட்டு மாறுவோரின் நிலை கடினமானது. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கரும்பு வெட்டுவதற்காகக் குடும்பங்கள் மேற்கு மராட்டியத்துக்கும் கருநாடகத்துக்கும் புறப்படுகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஓர் அரிவாளாகக் கணக்கிடப்படுவதால், மனைவி கருவுற்றிருப்பினும் வீட்டில் தங்க இயலுவதில்லை. ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து தெலங்கானாவின் செங்கற்சூளைகளுக்கும், தமிழ்நாட்டின் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கும் வரும் குடும்பங்களின் கதையும் இதுவே. இவர்களோடு, பணி மாற்றம் பெறும் படைவீரர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் மனைவியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்விடமாற்றத்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஏற்படக்கூடிய இடர்கள் யாவை, அவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் எவ்வாறு குறைக்கலாம் என்பது இங்கு விளக்கப்படுகிறது.

பதிவேட்டின் இடைவெளி

கிராமத்துச் சுகாதார அமைப்பு மக்கள்தொகைக் கணக்கின் மீது கட்டப்பட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையமும், மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 3,000 பேருக்கு ஒன்றும் என்பது அளவுகோல். ஆஷா பணியாளருக்கு ஏறத்தாழ 1,000 பேர். செவிலியர் தம் எல்லைக்குள் குடியிருக்கும் குடும்பங்களைப் பதிவேட்டில் எழுதி, அவற்றுள் கருவுற்றோரைத் தேடிச்சென்று காண்கிறார். குடியிருப்போருக்கு இம்முறை நன்கு பயன்படுகிறது. ஆனால் புறப்பட்டுச் சென்றவளின் பெயருக்கு எதிரே ‘வெளியூர் சென்றார்’ என்று எழுதப்பட்டதும் அவ்வூரின் பொறுப்பு முடிந்ததாகக் கருதப்படுகிறது. சென்று சேர்ந்த ஊரிலோ சூளைக் கொட்டகை எந்தப் பதிவேட்டிலும் வீடாக இடம்பெறுவதில்லை. இரு பதிவேடுகளுக்கும் நடுவே அப்பெண் காணாமற்போகிறாள். எந்தப் பணியாளரும் கடமை தவறாமலேயே இது நிகழ்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் தேசியப் பதிவேட்டில் 12 இலக்கங்கள் கொண்ட ஆர்.சி.எச். எண் வழங்கப்படுகிறது. ஊர் மாறினாலும் இவ்வெண் மாறவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில், பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் இவ்வெண்ணைக் கேட்கும் முறை வந்தது. எனினும் எண் இருப்பது வேறு, எண்ணைக்கொண்டு பழைய விவரங்களைப் பிரசவ அறையில் நள்ளிரவில் பார்க்க முடிவது வேறு. அவ்வேளையில் கைகொடுப்பது பெண்ணின் கையிலுள்ள தாய் சேய் பாதுகாப்பு அட்டையே. கர்ப்பிணி தன் மருத்துவக் குறிப்பைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் கூறப்பட்டுள்ளது. ஜப்பானில் 1942-இல் கருவுற்ற தாய்மாருக்கு ஒரு கைப்புத்தகம் வழங்கப்பட்டு, 1948-இல் அது தாய்க்கும் சேய்க்கும் பொதுவான புத்தகமாக விரிவாக்கப்பட்டது. பல நாடுகள் அதனைப் பின்பற்றியுள்ளன.

அட்டை இழக்கப்பட்டால் இழக்கப்படுவது யாது?

பரிசோதனைகளை மீண்டும் செய்துகொள்ளலாமே, அட்டை போனால் என்ன என்று கேட்பவர் உளர். இரத்தத்தின் பிரிவையும் சிறுநீரின் சர்க்கரையையும் மீண்டும் காணலாம் என்பது உண்மையே. ஆனால் காலம் கடந்தபின் எவ்வாற்றானும் மீட்க இயலாத விவரங்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது கர்ப்பத்தின் வயது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளுடன் ஒன்பது மாதங்களும் ஏழு நாட்களும் கூட்டிப் பிரசவ நாள் கணிக்கப்படுகிறது. ஜூன் 10 என்று பெண் சொன்னால், மார்ச் 17 என்பது எதிர்பார்க்கும் நாள். பெண்ணுக்கு அந்நாள் நினைவில்லாதபோது, முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் படத்தில் சிசுவின் தலை உச்சியிலிருந்து பிருட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து, ஐந்து முதல் ஏழு நாட்கள் வரையிலான பிழைக்குள் வயதைக் கூறிவிடலாம். ஏனெனில் அப்பருவத்தில் எல்லாச் சிசுக்களும் பெரும்பாலும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. பிற்பகுதியில் அவ்வாறன்று. தாயின் உணவு, இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் நிலை, பரம்பரை ஆகியவற்றுக்கேற்பச் சில சிசுக்கள் பெருத்தும் சில சிறுத்தும் வளர்வதால், 28 வாரங்களுக்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேன் சொல்லும் வயதில் மூன்று வாரங்கள் வரையும் பிழை நேரலாம்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காணலாம். ஒன்பதாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருத்தி 34-ஆம் வாரத்தில் தாய்வீடு வருகிறாள் எனக் கொள்வோம். முதல் படம் கொண்டுவரப்படவில்லை. புதிய ஊரில் எடுக்கப்பட்ட படம், சிசுவின் அளவு 31 வாரங்களுக்கு உரியது என்கிறது. பழைய விவரம் தெரியாத மருத்துவர் அதையே கர்ப்பத்தின் வயதாகக் கொண்டு, பிரசவ நாளை மூன்று வாரங்கள் தள்ளிப்போடுகிறார். உண்மையில் அச்சிசு 34 வாரத்துச் சிசு. போதிய ஊட்டம் கிட்டாமல் வளர்ச்சி குன்றியிருக்கிறது. அதனை அறிவிக்க இருந்த ஒரே சான்று புக்ககத்தில் இருக்கிறது. அட்டையிலுள்ள ஒரு தேதி எழுப்பியிருக்கவேண்டிய எச்சரிக்கை எழாமலே போகிறது. ஆகவே பல ஸ்கேன் படங்கள் இருக்குமாயின், முதலாவதாக எடுத்த படத்தையே முதலில் எடுத்துவைக்குமாறு செவிலியர் சொல்லுதல் வேண்டும். அண்மையில் எடுத்ததுதான் சரியானது என்பது மக்களிடையே பரவலாக உள்ள எண்ணம். பிரசவ நாளைப் பொறுத்தமட்டில் அது தவறு.

இரண்டாவது, முன் அறுவையின் விவரம். முந்திய பிரசவம் அறுவையால் நிகழ்ந்திருந்தால், கருப்பை எவ்விடத்தில், எத்திசையில் வெட்டப்பட்டது என்பது அடுத்த பிரசவத்தின் முறையைத் தீர்மானிக்கும். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டப்பட்ட வடு, இயற்கைப் பிரசவ முயற்சியின்போது பிளப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டப்பட்டதாயின் அபாயம் பன்மடங்கு மிகுதி. வயிற்றின் தோலிலுள்ள வடுவைப் பார்த்து உள்ளேயுள்ள வடுவை அறிய முடியாது. தோலில் குறுக்காகவும் கருப்பையில் நெடுக்காகவும் வெட்டியிருக்கக்கூடும். இதைச் சொல்லக்கூடியது, முந்திய மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்புத்தாள் ஒன்றே. அது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்கும். பெரும்பாலும் வேறொரு பெட்டியில் இருக்கும். பயணத்துக்கு முன் அதனைத் தேடி எடுக்கச் சொல்வது செவிலியரின் நினைவில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, ஆர்எச் காரணி. இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு இரத்தம் ஆர்எச் நெகடிவ் ஆகும். அத்தகைய தாய் ஆர்எச் பாசிடிவ் சிசுவைச் சுமக்கையில், சிசுவின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதற்கெதிரான பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவை பெரும்பாலும் முதற்குழந்தையைத் தாக்குவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் சிசுவின் இரத்த அணுக்களைச் சிதைக்கின்றன. இதனைத் தடுக்க 28-ஆம் வாரத்தில் ஆண்டி-டி என்னும் ஊசியும், பிறந்த குழந்தை பாசிடிவ் எனத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் மற்றோர் ஊசியும் போடப்படுகின்றன. 28-ஆம் வாரம் என்பது பெரும்பாலும் பெண்கள் ஊர் மாறும் வேளை. ஆதலால் ஒரு மருத்துவமனை ‘அங்கே போட்டுக்கொள்வாள்’ என்றும், மற்றது ‘அங்கேயே போட்டிருப்பாள்’ என்றும் கருதி இருவரும் விட்டுவிட நேர்கிறது. வேறொரு குழப்பமும் உண்டு. ஊசி போட்டபின் தாயின் இரத்தத்தைக் கூம்ஸ் முறையில் சோதித்தால், ஊசியிலிருந்த எதிர்ப்பொருளே மெலிதாகத் தென்படும். ஊசி போட்ட நாள் அட்டையில் இல்லையெனில், புதிய மருத்துவர் அதனைத் தாயின் உடலே உண்டாக்கியதாகக் கருதக்கூடும். அவ்வாறு கருதிவிட்டால், பிரசவத்துக்குப் பின் போடவேண்டிய ஊசியால் பயனில்லை என்று அதனைத் தவிர்க்கவும் கூடும். ஒரு வரிக் குறிப்பு இவ்வளவையும் தடுக்கிறது.

இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறைந்து, இறுதி மாதங்களில் பழைய நிலைக்கு உயர்கிறது. 140/90 என்பதே அபாய எல்லை என்று கற்ற செவிலியர் 130/84 என்ற அளவைக் கண்டால் கவலை கொள்ளமாட்டார். அப்பெண்ணுக்குத் தொடக்கத்தில் 96/60 இருந்தது என்று தெரிந்தால், ஒரு வாரத்தில் மீண்டும் வரச்சொல்வார். சிறுநீரில் புரதம் உள்ளதா என்றும் பார்ப்பார். தனித்து நிற்கும் ஓர் எண் பொருளற்றது. முந்திய எண்களோடு சேர்ந்தபோதே அது பேசுகிறது. இரத்தச்சோகையிலும் அவ்வாறே. ஹீமோகுளோபின் 9 கிராம் என்பது 7-இலிருந்து ஏறி வந்த 9-ஆ, 11-இலிருந்து இறங்கி வந்த 9-ஆ என்பதைப் பொறுத்தே மேற்கொண்டு செய்யவேண்டியது அமையும்.

சர்க்கரைச் சோதனையில் ஊருக்கு ஊர் முறை வேறுபடுவதால் அளவுடன் முறையையும் எழுதவேண்டும். அரசு நிலையங்களில், உணவு உண்டிருப்பினும் இல்லாவிடினும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வுகளே இம்முறைக்கு அடிப்படையாயின. பல தனியார் மருத்துவமனைகளிலோ வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை இரத்தம் எடுக்கப்படுகிறது. அங்கு இரண்டாம் மணி நேரத்து எல்லை 153. எனவே 148 என்ற எண் ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் நலமாகவும் படிக்கப்படும்.

மருந்துகளிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயரில், வெவ்வேறு நிறத்தில் கிடைப்பதால், பழைய ஊரின் மாத்திரையையும் புதிய ஊரின் மாத்திரையையும் இரண்டு வேறு மருந்துகள் என்று நம்பிப் பெண் இரண்டையும் விழுங்குவாள். இரும்புச்சத்து மாத்திரையாயின் வயிற்றுக் கடுப்போடு போகும். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாயின் மயங்கி விழவும் கூடும். மாத்திரைப் பட்டைகளையே உடன் கொண்டுவரச் செய்தால் போதும். இதற்கு மாறாக, வலிப்பு, தைராயிடு, காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் ஊர் மாறிய குழப்பத்தில் நின்றுவிடுவது அதனினும் அபாயகரமானது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய் ஒரு நாளும் மருந்தை நிறுத்தலாகாது. மருந்தில்லாதபோது, பாலூட்டும் காலத்தையும் சேர்த்து, நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுப் பெறக்கூடும்; முறையாக மருந்துண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. இத்தாய்மாரைப் புதிய ஊரின் கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்துக்கு மாற்றும் கடிதம் மையத்திலிருந்து மையத்துக்கே செல்லவேண்டும். உறவினர் கையில் திறந்த தாளாகக் கொடுப்பது தகாது.

அனுப்பும் செவிலியர் செய்யத்தக்கது

ஊர் மாறப் போகிறேன் என்று கர்ப்பிணி தானாகச் சொல்வது அரிது. முதல் வருகையிலேயே, பிரசவம் எவ்வூரில் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. சூளைக்கும் கரும்புக்கும் செல்லும் பகுதிகளில் முன்பணம் கொடுக்கும் தரகர் வரும் பருவத்தைச் செவிலியர் அறிவர். அதற்கு முன்னரே வீடு வீடாகச் சென்று, அப்பருவத்தில் நிறைய வேண்டியிருக்கும் பரிசோதனைகளை முடித்துவிடலாம். தடுப்பூசி இரண்டு தவணை நான்கு வார இடைவெளியில் போடப்படவேண்டும். முதல் தவணையுடன் பெண் புறப்பட்டால், இரண்டாவதின் தேதியை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். இரும்புச்சத்து மாத்திரை 180 நாட்களுக்கு உரியது. புதிய இடத்தில் பதிவாகும் வரை ஒரு மாதத்துக்கேனும் போதுமான அளவு கையில் கொடுத்தனுப்புவது சிக்கனக் குறைவாகாது.

அட்டையின் மொழி பற்றி எவரும் பேசுவதில்லை. அட்டை அந்தந்த மாநிலத்தின் மொழியில் அச்சிடப்படுகிறது. ஒடியா எழுத்தில், ஒடியா இலக்கங்களிலேயே நிரப்பப்பட்ட அட்டையைத் திருவள்ளூர் மாவட்டத்துச் செவிலியர் எவ்வாறு படிப்பார்? முழு அட்டையையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. இரத்தப் பிரிவு, எதிர்பார்க்கும் பிரசவ நாள், முதல் ஸ்கேனின் நாள், முன் அறுவை, தடுப்பூசி நாட்கள், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஆங்கில எழுத்திலும் பொது இலக்கத்திலும் பின்னட்டையில் எழுதிவிட்டால் எம்மாநிலத்திலும் படிக்கலாம். இதற்குச் செவிலியருக்கு நேரமில்லாதவிடத்து, ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் செய்து கொடுக்கலாம். குடும்பத்தினர் வேலைக்குச் செல்லும் செய்தி, மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து நிற்பதைக்கொண்டு ஆசிரியருக்கே முதலில் தெரியவருகிறது. அத்தாய் கருவுற்றிருப்பதையும் அவர் அறிந்திருப்பார். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, கணவனின் கைப்பேசிக்கும் தாய்வீட்டுக் கைப்பேசிக்கும் அனுப்பிவைப்பதும் ஆசிரியர் எளிதில் செய்யக்கூடிய உதவி.

பயணத்தின் காலம்

சிக்கலற்ற கர்ப்பத்தில் பயணத்துக்கு ஏற்றது நடுப்பகுதியாகும். மிகவும் பிந்திச் சென்றால் வழியிலேயே வலி காணலாம் என்பதோடு, புதிய மருத்துவமனை பெண்ணை அறிந்துகொள்ளவும் நேரமிராது. 34-ஆம் வாரத்துக்குள் சென்று சேர்வது விரும்பத்தக்கது. சேர்ந்த வாரத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். இரத்தக்கசிவு, உயர் இரத்த அழுத்தம், நஞ்சு கருப்பையின் வாயை மூடியிருத்தல், இரட்டைச் சிசு, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியன இருப்பின் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. சடங்குக்கு நாள் குறிக்கும் பெரியோர் இதையும் கேட்டுக் குறிப்பது நலம். நெடும்பயணத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இவ்வபாயம் பிறரினும் மிகுதி. எனவே இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கவேண்டும். சிறுநீர் கழிக்க இடமிராது என்று அஞ்சித் தண்ணீர் குடியாமலிருத்தல் கூடாது. இரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு.

ஏற்கும் நிலையத்தின் கடமை

பிந்தி வரும் பெண்ணைக் கடிந்துகொள்வது மருத்துவமனைகளில் சாதாரணமாகக் காணப்படும் வழக்கம். கடிந்துகொள்ளப்பட்டவள் மறுமுறை வருவதில்லை. ‘வெளி மாநிலத்தவர்’ என்று திருப்பியனுப்புவதற்கு விதியில் இடமும் இல்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு நிலையத்தில் பிரசவிக்கும் எந்தத் தாய்க்கும் அறுவை உட்படச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து யாவும் இலவசம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கிறார். புதிதாக வந்து சேர்ந்தவளை முதன்முதலில் அழைத்துச் செல்ல இது தக்க நாள். சூளையில் நாட்கூலி போகும் என்பதே பெண் வராமைக்குக் காரணமாயின், செவிலியர் பெண்ணிடம் பேசுவதைவிட மேஸ்திரியிடம் பேசுவது பலன் தரும்.

அட்டையில்லாமல் வந்தவளை ஏற்கும்போது இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், இரத்தப் பிரிவு ஆகியவற்றைப் புதிதாகக் காணவேண்டும். சிபிலிஸ் சோதனையை விட்டுவிடலாகாது. நோயிருந்தால் பிரசவத்துக்கு 30 நாட்களுக்கு முன்னரே பெனிசிலின் முடிந்திருந்தால்தான் சிசுவுக்குப் பாதுகாப்பு முழுமை பெறும். கர்ப்பத்தின் வயதைக் கேட்கையில் தேதியைக் கேட்டுப் பயனில்லாதவிடத்து, பண்டிகையையும் அறுவடையையும் கேட்கலாம்: கடைசியாக விலக்கானது ஹோலிக்கு முன்போ பின்போ, நுவாகாய்க்கு எத்தனை நாள் கழித்து என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும். பழைய ஊரின் செவிலியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, மறுபடி எடுக்கவிருந்த பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

பிரசவத்துக்குப் பின் அதே பாதை திரும்ப நடக்கப்படுகிறது. மூன்றாம் மாதத்திலோ, சூளை வேலை முடிந்த வெயிற்காலத்திலோ தாயும் குழந்தையும் ஊர் திரும்புவர். பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி ஆகியவற்றின் நாட்களும், பிறப்பு எடையும், அறுவையாயின் கருப்பை வெட்டப்பட்ட முறையும், ஆண்டி-டி போடப்பட்ட நேரமும் பிரசவம் நடந்த மருத்துவமனையில் தனித்தாளில் எழுதப்படுகின்றன. அத்தாளிலுள்ளவற்றைத் தாயின் பழைய அட்டையிலேயே ஏற்றியெழுதி, தாளையும் அதனுடன் தைத்துக் கொடுத்தபின்னரே செவிலியர் அவளை அனுப்புதல் வேண்டும்.